பணி நேரத்துக்கு வெளியே

இந்த நாற்காலியின் ஒரு கால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள், மின்விசிறியைப் போட்டீர்கள், மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். ஆனால் காலமெல்லாம் ஆட்டம் கண்ட தராசுகளைப் பிடித்தே பழகிய எனக்கு ஆட்டம் என்றால் உடம்பு தாங்காது. அட்டை ஏதாவது இருந்தால் கொடுங்கள், மடித்துக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஊரில் எனக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தராசு நல்ல பொருள்.

என் கொள்கை ஒன்றே ஒன்றுதான். பொதுமக்கள் பணத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் என்று இரண்டு கிடையாது. எடைக்கல் கடை மூடிய பிறகு இளைத்தா போய்விடுகிறது? அரசு ஊழியனும் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் இருந்தேன். தெருமுனைக்குப் பால் வாங்கப் போனால்கூட முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டுத்தான் போவேன். கல்யாணமான புதிதில் என் மனைவி ஒருநாள் தெருவில் என் கையைப் பிடித்தாள். மெதுவாக விடுவித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் பொழுது நிறையக் கிடைத்தது. முன்னறையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். எங்கள் தெருவில் அரசு ஊழியர்கள் அதிகம். நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் மொட்டைமாடியில் நின்று போனில் புருஷனோடு சண்டை போடுவாள், அக்கம்பக்கமெல்லாம் கேட்கும். நகர அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு புகார்ப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்ச் சொன்னேன். அவளை ஊருக்கு வெளியே ஒரு கிளைக்கு மாற்றினார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் அரைக்கால் சட்டையோடு கடைக்குப் போவார். இப்போது முழுக்கால் சட்டை போடுகிறார், என்னைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடக்கிறார். அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருத்தியைப் பார்க்க ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து போவான். அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று என் ஜன்னலைப் பார்த்துக் காறித் துப்பினாள். அதையும் சொன்னேன். தெரு பொது இடம்தானே.

எழுதிக்கொண்டிருக்கும் இந்த அம்மாளைக்கூட நான் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். சீருடையில் இல்லை. போகட்டும், இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

நீங்கள் கேட்பது தீயணைப்புக்காரனைப் பற்றி. எதிர் வீட்டில் அக்காவோடு இருந்தான். நல்ல உயரம், அதனால் எல்லோரும் ஏணி என்றே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். சிரிக்க வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. விடுமுறை நாளில் சீருடையைத் துவைத்துக் கொடியில் போடும்போது உரக்கப் பாடுவான். அரசாங்கச் சீருடையை உதறிக்கொண்டே பாட்டு. தெருப் பிள்ளைகள் அவன் தோளில் ஏறிச் சவாரி செய்வார்கள். இதெல்லாம் சின்ன விஷயம், கண்டும் காணாமல் விட்டிருப்பேன். அவன் நாடகமும் போட்டான்.

நகரமன்றக் கூடத்தில் அவனும் நாலைந்து பேரும் சேர்ந்து சிரிப்பு நாடகம் போடுவார்கள். அக்காதான் உடுப்பெல்லாம் தைப்பாள். ஊரில் உள்ளவர்களைப் போல நடித்துக் காட்டுவதில் அவன் கெட்டிக்காரன் என்று சொன்னார்கள். என் மனைவி ஒருதரம் வாருங்கள், ஒருதரம் வாருங்கள் என்று நச்சரித்து என்னை அழைத்துப் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

திரை விலகியது. ஒட்டு மீசை, பெரிய தொந்தி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் பொம்மைத் தராசு. ஏணி வந்து நின்று மூக்கை உறிஞ்சினான். அதற்கே கூடம் அதிர்ந்தது. காய்கறியை நிறுத்தான், குழந்தையின் செருப்பை நிறுத்தான், நர்ஸ் வேடம் போட்ட ஒருத்தியின் வாய்க்கு நேரே தராசை நீட்டி, "சிரிப்பு ரெண்டு கிராம் கூடுதலா இருக்கே. புகார் குடுக்கட்டுமா?" என்றான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். நான் பக்கத்தில் பார்த்தேன். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் இதைத்தான் காரணம் என்று எழுதப் பார்க்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நகைச்சுவை உணர்வு எனக்கும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன், அப்படி என்ன சிரிப்பு என்று. அவள் இன்னும் அந்தச் சிரிப்பிலேயே இருந்தாள். யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்படியே நீங்க."

அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் அவனே வீடு தேடி வந்தான். வாசலிலேயே நின்றான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல இருக்கிற உரிமையிலதான் செஞ்சேன். மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, அந்தக் காட்சியையே எடுத்துடுறேன்." உண்மையாகவே முகம் வாடியிருந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன். எடுத்துவிட்டால் புகாருக்கு என்ன மிஞ்சும்? கலை வேறு, நான் வேறு, தாராளமாகச் செய்யுங்கள் தம்பி என்றேன். அவன் என் காலில் விழாத குறை. என் மனைவி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அவளை அக்கா என்றான். இருவரும் என்னைப் பாராட்டும் விதமாகப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானமே புகார்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே இப்போது ஒரு புது அதிகாரி இருக்கிறாள், சின்ன வயசு. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஏணியின் விவரங்களைக் கணினியில் பார்த்தாள். அவன் நாடகத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறானாம். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையம் சின்னது, ஆள் போதாது. அதனால் சைரன் ஊதினால் விடுமுறையில் இருப்பவனும் ஓடிவர வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தை அவன் ஒருதரம்கூடத் தவறவிட்டதில்லையாம். சாப்பாட்டுக் கையோடு வந்தவன் என்று நிலைய அதிகாரி புகழ்ந்திருக்கிறாராம்.

"சார், லீவு நாள்ல அவர் என்ன செய்யறார்ங்கிறது அவர் சொந்த விஷயம். அது வேலையைப் பாதிச்சா சொல்லுங்க. ஆதாரத்தோட வாங்க, அப்ப கண்டிப்பா நடவடிக்கை எடுக்கிறேன்."

இந்த வார்த்தைகளைக் கவனியுங்கள். வழியைக் காட்டியது அவள்தான். நாடகம் அவன் வேலையைப் பாதிக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வேடமும் மீசையுமாக மேடையில் நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருப்பவன் சைரனைக் காதில் போட்டுக்கொள்வானா? மாட்டான். ஆனால் நாடகம் நடக்கும் நேரத்தில் இதுவரை சைரன் ஊதியதே இல்லை. அதாவது அவன் சோதிக்கப்படவே இல்லை. சோதிக்காத தராசுக்கு அந்தப் பெண் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறாள். என் உத்தியோகத்தில் இதற்கு மன்னிப்பே கிடையாது.

சோதனை என்பது எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைக்காரனுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. அவன் எந்த நிலையில் இருக்கிறானோ அந்த நிலையிலேயே போய் நிற்க வேண்டும். வைக்கிற கல் சுத்தமான கல்லாக இருக்க வேண்டும். முதலில், தீப்பிடித்தது என்று சும்மா ஒரு போன் செய்யலாமா என்று நினைத்தேன். ஆனால் தீயணைப்பு நிலையத்துக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். தண்டனை உண்டு. பொது ஊழியர்களின் நேரம் வீணாகும். நான் என் வாழ்நாளில் ஒரு பொய்த் தகவல் கொடுத்தவன் இல்லை. அதனால் நிஜத் தீ தேவைப்பட்டது.

நகரமன்றக் கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு மரப்பட்டறை உண்டு. முதலாளி மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். உள்ளே பழைய சட்டங்கள், இழைப்புச் சுருள், வார்னிஷ் டப்பாக்கள். இருபுறமும் காலி மனை, அக்கம்பக்கத்துக்கு ஆபத்தில்லை. இதையெல்லாம் நான் யோசிக்காமல் செய்யவில்லை. பட்டறைக்கு ஒரு காவலாளி இருந்தார், வயசானவர். நாடகம் நடக்கும் அன்று அவரும் கூடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நிற்பார். எல்லோரும் போவார்களே.

அடுத்த நாடகம் என்றைக்கு என்று விசாரித்து நாள் குறித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் என் மனைவி தலைக்குப் பூச்சூடிக் கிளம்பினாள். நீங்களும் வாருங்கள் என்றாள். தலைவலி என்றேன். கிளம்பும்போதுதான் கவனித்தேன், சோபாவின் ஒரு திண்டில் ஸ்பாஞ்சு இல்லை, உறை மட்டும் தொங்கியது. கேட்டேன். நாடகத் தொந்தி போன தடவை சரியாக அமையவில்லையாம். ஏணியின் அக்கா வந்து கேட்டாளாம், இவள் திண்டைப் பிரித்து ஸ்பாஞ்சைக் கொடுத்துவிட்டாளாம். என் வீட்டு ஸ்பாஞ்சு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துப் போ என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே பட்டறைக்குப் போய்விட்டேன். சிறிய கதவு சும்மா சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இதைப்பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். ஆம், பார்த்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பு, ஒன்றின் வார் கம்பியால் கட்டியது. செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் உண்டா? வெறுங்காலோடு கூடத்துக்குப் போயிருக்கலாம். பின்னால் தெரிந்தது, அன்று காவலாளிக்கு முழங்கால் வீங்கி, உள்ளே பலகைமேல் படுத்திருந்தாராம். அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே எட்டிப்பார்த்துக் குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். குரல் கொடுத்துவிட்டுச் செய்தால் அது சோதனையே இல்லை.

கூடத்திலிருந்து முதல் சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். இழைப்புச் சுருள் ஜன்னல் ஓரமாகவே குவிந்திருந்தது. அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. நன்றாகப் பிடித்துக்கொண்டதா என்று நின்று பார்த்தேன். பிறகு எதிர்ப்பக்கம் போய், நானே போன் செய்து தகவல் சொன்னேன். இடம், என்ன எரிகிறது, எந்த வழியாக வண்டி வர முடியும், எல்லாம் தெளிவாகச் சொன்னேன். போனை எடுத்தவர் நன்றி சொன்னார்.

சைரன் ஊதியது. நான் கூடத்தின் பின்வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

வந்தான். அந்தச் சைரன் முழுதாக ஊதி ஓய்வதற்குள் பின்வாசல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். அதே மீசை, அதே சட்டை, முன்னால் குலுங்கும் தொந்தி. பொம்மைத் தராசு இன்னும் கையில் இருந்தது, ஓடும்போதுதான் எறிந்தான். வண்டி இன்னும் கடைத்தெருவைக்கூடத் தாண்டியிருக்காது. சும்மா நின்று வண்டிக்குக் காத்திருக்கலாம், விதிமுறையும் அதுதான். ஆனால் கதவு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். ஒரு விநாடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கதவில் தோளால் மோதினான்.

மோத வேண்டியிருந்தது ஏன் என்று கேட்கிறீர்கள். தாழ்ப்பாள் வெளியில் போட்டிருந்தது. புகையில் அவனுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது, கதவையே பெயர்த்துவிட்டான். தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். கதவு திறந்து கிடந்தால் காற்று புகுந்து தீ கண்டபடி பரவும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே இருமல் சத்தம் கேட்டபிறகு போட்டேனா, அதற்கு முன்பா என்று கேட்கிறீர்கள். பிறகுதான். எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் பூசி மெழுகவில்லை. ஆள் இல்லாத கொட்டகைக்கு வெளியே நின்று தண்ணீர் பீய்ச்சுவதை யாரும் செய்துவிடலாம். உள்ளே ஆள் இருந்தால்தான் ஊழியனின் முழு எடை தெரியும்.

காவலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கிழவரைக் கீழே கிடத்தும்வரை நிதானமாகத்தான் இருந்தான். அப்புறம்தான் நான் பார்த்தேன், சட்டைக்குள் அந்த ஸ்பாஞ்சு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பாஞ்சு துணியைப் போல எரிவதில்லை, உருகி ஒட்டிக்கொள்கிறது. வண்டி வந்து சேர்ந்ததும் தண்ணீர் அடித்தார்கள். கூடத்திலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். அவன் அக்காவை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

கிழவருக்குப் புகையில் கண் மங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "தராசு ஐயா தூக்கிட்டு வந்தாரு, தராசு ஐயாதான்" என்று சொல்லிக்கொண்டே போனாராம். சைரன் ஊதி நாடகம் நின்றதும் என் மனைவி என் தலைவலியை நினைத்து நேரே வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய்விட்டது. நான் தெருமுனை திரும்பும்போது என் மனைவி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். தெருவில், எல்லோருக்கும் முன்னால், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள். சட்டையில் ஒரு கரிகூட இல்லை. பொத்தான்கள் எல்லாம் போட்டபடி இருந்தன. என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க இல்லையா?"

இல்லை, அந்த ஏணி என்றேன். கைகளை விட்டுவிட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். இப்போது அவள் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் புகார்ப் பிரிவு திறந்ததுமே போய்விட்டேன். ஆதாரத்தோடு வரச் சொன்னாளே. பணியில் ஈடுபட்டபோது தலைக்கவசம் இல்லை, பாதுகாப்பு உடை இல்லை, எளிதில் தீப்பற்றும் நாடக உடுப்போடு பணியிடத்தில் நுழைந்தான், அதனாலேயே அரசு ஒரு பயிற்சி பெற்ற ஊழியரை இழந்தது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? வீட்டில் பருத்திச் சட்டையோடு ஒழுங்காக இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். சோதனையை எப்படி ஏற்பாடு செய்தேன் என்பதையும் வரிசையாகச் சொன்னேன், முறையாக நடந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா. அவள் முகம் சுண்டிப்போயிற்று. உட்காருங்கள் சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மேலதிகாரியை அழைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நீங்கள் வந்தீர்கள்.

அவன் நல்லவன் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நான் மறுக்கவே இல்லை. சைரனுக்கு வந்தான், அந்த ஒரு விஷயத்தில் என் கணிப்புத் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வு நேர நடத்தை வேலையைப் பாதித்ததா இல்லையா? அந்தப் புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. நீங்கள் போகிற வழியில் அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எழுதியதைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். தீ வைத்தது நான், சரி. செருப்பைப் பார்த்தது, சரி. இருமலைக் கேட்டுவிட்டுத் தாழ்ப்பாள் போட்டது, சரி. இந்த இடத்தில் மட்டும் ஒரு தப்பு இருக்கிறது. இறந்தவர் என்னைப் போலவே வேடமிட்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவன் என்னைப் போல இல்லவே இல்லை. அடித்தீர்களானால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.